கிற்றார்ப் பெட்டிக்குள் அரை உலக்கை

பெப்ரவரி 9, திங்கள்

குளிர் மைனஸ் நானூறு. வானொலி மைனஸ் இருபத்தாறு என்றது. வானொலிக்காரருக்கு வெளியே போய்ப் பார்க்கும் பழக்கம் இல்லை. வில்லரே என்கிற எங்கள் பகுதியில், வீட்டு வாசலில் பனி இரண்டாம் மாடி வரை. (முழங்கால் வரை.) அள்ளினேன். இடுப்பு நாரி போயிற்று.

இன்று முதல் இங்கே எழுதப்போவது ஒருவரும் நம்பாத கதை. என் மூக்குக்கண்ணாடி மீதும், பாதி வேலைசெய்யும் இடது முழங்கால் மீதும் சத்தியம். டவுன்டவுனில் கோப்பை கழுவிய காலத்தில் ஒரு நாட்டின் ஜனாதிபதி குசினிக்குள் வந்து என்னிடம் ரசம் வைக்கும் முறை கேட்டார் என்று சொல்லியும் நம்பாத சனம் இது. இதையா நம்பப் போகிறது.

கதையில் வருவோர்:

த. – தவமணி. என் மனைவி. ஆஸ்பத்திரி ஆறாம் மாடி. இனி வைத்தியம் இல்லை, நோவுக்கு மட்டும் மருந்து என்கிற பகுதி.

கு. – குணம். அவளுடைய தம்பி. தாய் இல்லாமல் த. வளர்த்த பிள்ளை. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. வயது அறுபத்தொன்று, பாட்டுக்காரன்.

செ. – செல்வி. என் தங்கச்சி. த.வின் கட்டிலடியில் இரவு பகல் காவல். கையில் திருநீறும் கஞ்சிப் போத்தலும்.

நான் – அறிமுகம் தேவையில்லை.

டொக்டர் நடைபாதையில் வைத்துச் சொன்னது: வாரங்கள் இல்லை, நாட்கள். சின்னப் பெண். சொல்லிவிட்டு என் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாங்க: வாசலுக்கு உப்பு. உதட்டுக்கு வாசலீன். பற்றரி. பால் வேண்டாம், குடிக்க ஆளில்லை.

த. கேட்டாள், "குணம் எங்க?"

"அல்பேட்டாவில. நாப்பதாயிரம் மாட்டுக்கு முன்னால கச்சேரி. முடிய எல்லா மாடும் எழும்பி நிண்டு கை தட்டினதாம்."

"மாட்டுக்கு ஏது கை."

"அதுதான் கச்சேரியின்ர விசேசம்."

சிரித்தாள். சிரித்தால் விலா நோகும் என்பது எனக்கு மறந்துபோனது. நேர்ஸ் வந்து ஊசி போட்டாள்.

கு. அல்பேட்டாவில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மெற்றோவில் சில தரிப்புத் தூரம். செ. அவனை உள்ளே விடுகிறாள் இல்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

செ. சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கு.வின் சரித்திரம், பிற்காலச் சந்ததிக்காக. முப்பது வருடம் தமிழில் கன்ட்ரிப் பாட்டு, அமெரிக்க மாட்டுக்காரர் பாடுகிற வகை. தொப்பி, கிற்றார், குரலில் கொஞ்சம் மூக்கு. லொறிக்காரன், நெடுஞ்சாலை, விசா வராத பெண்சாதி, தையல் ஆலையில் தன் விரலையே தைத்துக்கொண்ட மனிதன், எல்லோருக்கும் பாட்டு. எல்லாம் அவனே எழுதியது. பெயர் கன்ட்ரி குணம். உலகத்திலேயே இப்படி ஒருவன்தான். (இது மிகையில்லை. வேறு எவருக்கும் துணிவு வரவில்லை.) முதல் கிற்றார் த. தையல் ஆலையில் உழைத்து வாங்கிக் கொடுத்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பாரில் வியாழன்தோறும் பாடுவான். வெள்ளைக்காரர் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள், ஒரு சொல்லும் விளங்காது. எங்கள் சனம் வராது. வந்தாலும் பாதியில் காரை எடுக்கப் போய்விடும்.

பிறகு, இரண்டு மாரிக்கு முந்தி ஒரு செத்தவீடு. பிரேதத்தில் தூவுகிற சுண்ணம் இடிக்க உரல் இருக்கிறது, உலக்கை இருக்கிறது, பிடித்து இடிக்க உரிமைக்காரர் இருக்கிறார்கள். இடிக்கும்போது சுண்ணப் பாட்டுப் பாடுகிற ஐயா மகளோடு ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். யாரோ கு.வை முன்னால் தள்ளிவிட்டார்கள், பாட்டுக்காரன்தானே என்று. பாடினான். அந்தக் கரகரத்த குரலும் அடியில் அந்த உலக்கையும். மண்டபம் முழுக்க அழுகை. பூச்சாடிகள் அழுதன. செத்தவரே ஒருமுறை மூக்கை உறிஞ்சினார், நான் பார்த்தேன்.

முடிய, காரடியில் என்னிடம் சொன்னான், "அத்தான், முப்பது வருசத்தில இண்டைக்குத்தான் ஆக்கள் பாட்டு முடியுமட்டும் இருந்திச்சினம்."

"செத்தவர் எழும்பிப் போகேலாதுதானே."

சிரிக்கவில்லை. அன்றோடு கன்ட்ரி முடிந்தது. பழைய பாட்டு ஒன்றுகூட இனிப் பாடுவதில்லை என்றான். கிற்றாரை விற்றான். பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டான். இப்போது அதில் கிற்றாரின் வயிறு இருந்த இடத்தில் ஒரு சின்ன உரல், கழுத்து இருந்த இடத்தில் பாதியாய் அறுத்த உலக்கை. நகரத்துச் செத்தவீடுகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டிதான் போய்வருகிறது. போன வருடம் ஒரு இசைத்தட்டும் வந்தது. புதுப் பாட்டுகள், குரலும் உலக்கையும் மட்டும். சொல் அவனுடையது, சாவு எங்களுடையது. பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கம்: மூத்த பாடகர், புதிய திசை.

எங்கள் சனத்தின் விமர்சனம் வேறு மாதிரி. சாவு என்றால் முதல் போன் அவனுக்கு. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், ஒன்றுக்கும் அழைப்பில்லை. தெருவில் எதிரே வந்தால் டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் நுழைந்து வேண்டாத பாலை வாங்குகிறார்கள். ஒரு நோயாளியை நலம் விசாரிக்கப் போனான். அவர் மறுநாள் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்றிரண்டு வயது, எப்படியும் போகிறவர். சொல்லிப் பார்த்தேன். கேட்பாரில்லை.

செ.: "அண்ணை, அவன் நல்லவன். எனக்குத் தெரியும். ஆனா அவன்ர முகத்தைக் கண்டா மச்சாள் என்ன நினைப்பா? எனக்கு நேரம் வந்திட்டுது எண்டெல்லே நினைப்பா."

"அவளுக்குத் தெரியும், செல்வி."

"தெரியிறது வேற. அது வாசலில வந்து நிக்கிறது வேற."

தங்கச்சியிடம் நான் வாதத்தில் தோற்ற நாள். வரலாற்று ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளவும்.

பெப்ரவரி 11, புதன்

பனி. பேருந்து இல்லை. மெற்றோவில் எனக்குப் பின்னால் இரண்டு சென்னைப் பெடியள்:

"அந்த உலக்கை ஆல்பம் கேட்டியாடா? பீட் செம. ஜிம்ல அதைப் போட்டுதான் ஓடுறேன்."

"டேய், அது சாவுப் பாட்டுடா."

"ஐயோ. அதான் ட்ரெட்மில்ல ஒரு மாதிரி இருந்துச்சு."

த.விடம் சொன்னேன், கொஞ்சம் பெருப்பித்து. ஒலிம்பிக் வீரர்கள் எல்லாம் உன் தம்பியின் உலக்கைக்குத்தான் ஓடுகிறார்கள் என்று. கேட்டாளோ தெரியாது. பிறகு மெல்ல, "குணம் எங்க?"

"சீனாவில."

கண்ணைத் திறக்காமலே, "பொய்க்கும் ஒரு அளவு வேணும்."

காலில் வீக்கம். செ. எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கிறாள். அவள் கை நோகாதா. கேட்டால் முறைக்கிறாள்.

பெப்ரவரி 12, வியாழன்

கு.வைச் சந்தித்தேன். டெப்பனர் வாசல், இருவர் கையிலும் கடுதாசிக் கோப்பைக் கோப்பி, மூக்கு நுனியில் பனிக்கட்டி. அவன் மூக்கில் தொங்கியதை உடைத்து ஒரு பாலம் கட்டலாம்.

"அக்கா என்னைக் கேட்டவவோ?"

"ஒவ்வொரு நாளும்."

"உண்மையா, அத்தான்? மாடு கை தட்டின கதை மாதிரியோ?"

"அது ஆர் சொன்னது?"

"செல்வி அக்கா. போனில ஏசேக்க சொன்னவ." கோப்பைக்குள் பார்த்தான். "நீங்கள் சொன்னா பாதியைக் கழிக்க வேணும். பேந்து மிச்சத்தையும் பாதியாக்க வேணும். பாதியின்ர பாதி கேட்டிருந்தாலும் எனக்குக் காணும்."

"முழுக்கக் கேட்டவள்."

"அப்ப வாறன். ஒரு நாள் செல்வி அக்கா இல்லாத நேரம் சொல்லுங்கோ. கதவடியில நிண்டு பாத்திட்டுப் போறன்."

போன பிறகு கோப்பி விறைத்திருந்தது. (ஆறியிருந்தது.)

பெப்ரவரி 13, வெள்ளி

ஒன்றும் சாப்பிடவில்லை. த.வும். நானும். செ. கொண்டுவந்த கஞ்சியை நேர்ஸ் குடித்தாள். நல்லதென்றாள்.

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. செ. பகலே கோயிலுக்கு, பிரசாத வேலை. விடியும்வரை அங்கேதான் என்றாள். என் வாழ்நாளின் மாபெரும் படையெடுப்புக்கு நேரம். அலெக்சாந்தருக்கு யானைகள் குறுக்கே வந்தன, எனக்கு ஒரு தங்கச்சி. அவளும் போய்விட்டாள். கு.வுக்கு போன் போட்டேன். "இப்ப வா. எங்க நிண்டாலும் உடன வா."

லிப்ற் திறந்தது. கறுப்புக் கோட்டு. நெற்றியில் திருநீறு. கோட்டில் சாம்பிராணி. கையில் கிற்றார்ப் பெட்டி.

"எங்கயிருந்து வாறாய்?"

"செத்தவீட்டால. உடன வரச் சொன்னியள்."

"அப்ப பெட்டிக்குள்ள?"

குனிந்து பெட்டியைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் விளங்கியது.

செத்தவீட்டுக்குப் போனவன் குளிக்காமல் தன் வீட்டுக்குள்ளேயே கால் வைப்பதில்லை. இவன் குளிக்காமல், உலக்கையோடு, சாகக் கிடக்கிறவளின் வாசலில். தமிழினம் தோன்றிய நாள்முதல் இதைவிடப் பிழையான வருகை நடந்ததில்லை. ஒழுங்குசெய்தவன் நான்.

நேர்ஸ் பெட்டியைக் கண்டு முகம் மலர்ந்தாள். போன்ஜூர், பாட்டுக்காரரா என்றாள். உய், உய், ஆனால் முதலில் குளிக்க வேண்டும் என்றேன். காரணம் கேட்கவில்லை. ஹெயிற்றிக்காரி, செத்தவீடுகளைப் பற்றி அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நடைபாதை முடிவில் குடும்பத்தாருக்கான குளியலறை. துவாய் கொடுத்தாள். பெட்டியை நடைபாதையில் வைக்கக் கூடாதாம், கட்டில் தள்ளும் வழி. கு. குளிக்கப் போனான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்தேன். கல்லுப் பாரம்.

திரும்பினால் த. கண் திறந்திருக்கிறது.

"குணத்தின்ர பெட்டியெல்லே."

"கிற்றார்" என்றேன்.

"கிற்றாரை வித்துப்போட்டான். எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கினாள். "உலக்கையோ உள்ள?"

சீனா, அல்பேட்டா, ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "ஓம்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பயந்தாளோ என்று பார்த்தேன். இல்லை.

"எல்லாருக்கும் செத்தாப் பிறகு பாடுறான். எனக்கு இப்ப பாடச் சொல்லுங்கோ. அந்த லொறிப் பாட்டு. உலக்கையாலயே தாளம் போடட்டும். எப்பிடியெண்டு கேட்டுப் பாப்பம்."

"செல்வி கொல்லுவாள்."

"என்னையோ" என்றாள்.

பிறகு கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

கு. வந்தான். ஈரத் தலை, என்னுடைய சுவெற்றர், கை நீளம் போதாது. கட்டிலடியில் இருந்து கையைப் பிடித்தான். "அக்கா." கண் திறந்தது. அவன் முகத்திலேயே நின்றது. வாய் அசையவில்லை.

அவள் கேட்டதைச் சொன்னேன்.

"லொறிப் பாட்டோ? உலக்கையாலயோ? அத்தான், இந்த நேரத்தில பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை. இப்ப, நீ குளிக்கேக்க கேட்டவள்."

"அக்கா, பாடட்டோ?" என்று அவளிடம் கேட்டான். கண் அப்படியே. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. என்னைப் பார்த்தான். பாதியின் பாதியைக் கழிக்கும் பார்வை. பிறகு எழும்பிப் பெட்டியைத் திறந்தான்.

உரலுக்குள் துவாயை மடித்து வைத்தான், சத்தம் வெளியே போகாமல். மெல்ல ஒரு இடி. இன்னொன்று. இரண்டு வருடமாய்ப் பாடாத பாட்டு:

நானூற்றொண்டிலை பனி கொட்டுது, லொறிக்குள்ள நான் தனி,
தூரத்திலை லைற் தெரியுது அக்கா, கிட்டப் போனா பனி.

நானூற்றொன்று, ரொறொன்ரோ போகும் நெடுஞ்சாலை. அந்தப் பாட்டை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். கிற்றாரோடு கேட்டால் காலால் தட்டத் தோன்றும். இன்று அப்படி இல்லை. லொறி ஓடவில்லை, எங்கோ ஓரமாய் நின்று, எஞ்சின் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பதிவு செய்கிறேன்: ஆறாம் மாடி முழுக்க நின்றது. லிப்ற் இரண்டு மாடிக்கு நடுவே நின்று கதவைக் கொஞ்சம் திறந்து கேட்டது. சேலைன் தாளத்துக்குச் சொட்டியது. ஆற்றில் பனிக்கட்டி கரை முதல் கரை வரை வெடித்தது. த.வின் வலது சுட்டுவிரல் விரிப்பின்மேல் தட்டியது. இரண்டாம் அடியில் கொஞ்சம் பிந்தி, பிறகு சரியாக.

மூன்றாம் அடி கு.வுக்கு மறந்துபோனது. வாயை மூடி முனகி முடித்தான். த. நித்திரை.

கதவில் செ. பிரசாதத்தை அண்ணைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவம் என்று வந்தவள். நிலத்தில் உரல். கு. கையில் உலக்கை. கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"உயிரோட இருக்கிற மனுசிக்கு முன்னால சுண்ணம் இடிச்சிருக்கிறியள்."

"லொறிப் பாட்டு, செல்வி. அவள்தான் கேட்டவள்."

"ஆர் கேட்டது?"

"தவமணி. என்னட்டை."

"உங்களிட்டை." பிரசாதக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "அண்ணை, நீங்கள் சொன்னா ஆர் நம்புறது?"

கு. உரலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அவனும் அதற்குப் பதிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

பெப்ரவரி 16, திங்கள்

கண் திறக்கவில்லை. மூச்சு நின்று நின்று. கு. வரவில்லை. போன் எடுக்கவில்லை.

விரலைப் பற்றிச் செ.யிடம் சொன்னேன். போகிற ஆட்களுக்கு விரல் அப்படித்தான் துடிக்குமாம். நேர்ஸும் தலையாட்டினாள். இருக்கலாம்.

பெப்ரவரி 17, செவ்வாய்

விடியக் காலமை. நான் கோப்பி எடுக்கப் போயிருந்தேன்.

கோப்பியைக் குடித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 18, புதன்

செய்ய: செத்தவீட்டு மண்டபம். ஐயர். நீலச் சேலை (செ. எடுப்பாள்). அறிவித்தல் படம், சிரிக்கிற படம் வேண்டாமாம். ஓய்வூதியக் கந்தோருக்கு போன்.

தொலைபேசியில் ஆட்கள். அனுதாபம் முதல் ஒரு நிமிடம். பிறகு குரலைத் தணித்து, "குணம் உலக்கையோட போய்ப் பாடினவராம், உண்மையோ?" ஞாயிறு பாடினான், செவ்வாய் போனாள், கணக்குச் சரியாம். அவள் கேட்டுத்தான் பாடினான் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். எல்லோரும் ஓம் ஓம் என்கிறார்கள். என்னுடைய கதைகளுக்கு அவர்கள் நாற்பது வருடமாய்ச் சொல்லும் அதே ஓம் ஓம்.

சுண்ணம் பாட ரொறொன்ரோவிலிருந்து அந்தப் பழைய ஐயாவை செ. ஒழுங்குசெய்திருக்கிறாள். கு. பாடக் கூடாது. ஏன் என்று கேட்டேன், அழுதாள். "எனக்கு அவனில கோவம் இல்லை, அண்ணை. பயமாக் கிடக்கு."

பெப்ரவரி 21, சனி

நெடுஞ்சாலையில் பனிப்புயல். நானூற்றொன்றைப் பூட்டிவிட்டார்கள். ரொறொன்ரோ ஐயா எங்கோ நடுவழியில், காருக்குள். மண்டபம் நிறையச் சனம். நீலச் சேலையில் த. பாட ஆளில்லை. எல்லார் கண்ணும் மெல்ல மெல்லக் கடைசி வரிசைக்குத் திரும்பின. அங்கே கு., காலடியில் பெட்டி.

எழுந்தான். நடந்து வந்தான். பாடினான். முதல் வரியிலேயே மண்டபத்துக் கூரை கழன்று மேலே போய்க் கேட்டது. சனம் அழுத கண்ணீரில் கதிரைகள் மிதந்தன. செ. ஓடிவந்து அவன் கையைப் பிடித்து, பிழை எங்களிலதான் தம்பி என்றாள். சுண்ணம் முடிந்ததும் லொறிப் பாட்டு. தவமணி ஒரு கண்ணைத் திறந்து, மூன்றாம் அடியை ஞாபகப்படுத்தினாள்.

இப்படித்தான் எழுத நினைத்திருந்தேன். எழுதியும் விட்டேன். இருக்கட்டும்.

நடந்தது: கு. எழுந்தான். முன்னால் வரவில்லை, வெளியே போனான். பின்னால் போனேன். கோட்டுகள் தொங்கும் இடத்தில் நின்றான்.

"அத்தான், ஒருக்கா, சோடிக்காமச் சொல்லுங்கோ. அக்கா உண்மையாக் கேட்டவவோ? இல்லாட்டி எனக்காக நீங்கள் கட்டின கதையோ?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். அவள் என்னையோ என்று கேட்டதைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் எல்லாம் என் கதை மாதிரியே கேட்கும் என்று பயம். "ஓம்" என்றேன்.

நெடுநேரம் பார்த்தான். என் முகம் இத்தனை வருடத்தில் என்ன வேலை செய்து பழகியதோ அதையே செய்திருக்கும். தொப்பியைப் போட்டான். "போறன், அத்தான்" என்றான். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. பனிக்குள் போனான். பெட்டியை விட்டுவிட்டுப் போனான்.

மண்டபத்தில் வேறு உரல் இல்லை. பெட்டியைச் செ.தான் திறந்தாள். உலக்கையை நானும் அவளும் சேர்ந்து பிடித்து இடித்தோம். பாட்டில்லை. வெறும் சத்தம். சனம் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைனஸ் நானூறு இல்லை. மாடு கை தட்டவில்லை. லிப்ற் நிற்கவில்லை, ஆறு வெடிக்கவில்லை, கூரை இருந்த இடத்தில் இருக்கிறது. விரலைப் பற்றி இப்போது எனக்கே நிச்சயமில்லை.

அவள் கேட்டாள். அது மட்டும் உண்மை.